மலைக் குளிரில் பழைய ஆர்பிஜி விதிநூல்கள்: மூலப் பதிப்பா, மறுபதிப்பா, ஊரில் தைத்ததா?

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (சுருக்கமாக டிஎன்டி), டிராவலர், கால் ஆஃப் கதுல்ஹு மாதிரியான ஆர்பிஜிகளின், அதாவது ஆளுக்கொரு பாத்திரமேற்று மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் ஆட்டங்களின் பழைய விதிநூல்களை அச்சுப் புத்தகமாகவே வைத்துக்கொள்ள ஆசைப்படுபவருக்கு இன்று நாலு வழி இருக்கிறது. அந்தக் காலத்து மூலப் பிரதியைத் தேடிப் பிடிக்கலாம். பதிப்பகமே பிற்பாடு போட்ட சேகரிப்பாளர் மறுபதிப்பை வாங்கலாம். ஆர்டர் கொடுத்த பிறகு ஒரே ஒரு பிரதி அச்சிட்டு அனுப்பும் பிரிண்ட் ஆன் டிமாண்ட் இருக்கிறது. காசு கொடுத்து பிடிஎஃப் வாங்கி, இங்கேயே அச்சிட்டுத் தைத்துக்கொள்வது நாலாவது.

வழக்கமாக இவற்றை விலையையும் அரிதையும் வைத்துத்தான் ஒப்பிடுவார்கள். நீலகிரியில் அந்தக் கணக்கு பாதிதான் செல்லும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். ஆனி, ஆடியில் மூடுபனியும் சாரலுமாக, வீட்டுக்குள்ளேயே ஈரப்பதம் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்காத நாட்கள் தொடர்ந்து வரும். 65-ஐத் தாண்டி நின்றாலே தாளில் பூசணம் கிளம்பிவிடும். அதனால் இங்கே முதலில் கட்டுமானத்தைப் பார்க்க வேண்டும்: நூலால் தைத்ததா, பசையால் ஒட்டியதா, கம்பி அடித்ததா. எந்தப் பதிப்பு, எத்தனையாவது அச்சு என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

மூலப் பிரதி

டிஎன்டியின் முதல் அச்சு 1974 ஜனவரியில் 1,000 பிரதி. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் எழுதிய மூன்று சிறு புத்தகங்கள், மரக்கட்டை போல் அச்சிட்ட அட்டைப்பெட்டியில் வந்தன. இன்று அது ஏலத்தில் பல ஆயிரம் டாலருக்குப் போகும் பண்டம். அதை வாங்கி குன்னூர் வீட்டு அலமாரியில் வைப்பது பணத்துக்கும் நல்லதல்ல, புத்தகத்துக்கும் நல்லதல்ல.

வாங்கத் தக்கது அதற்கு அடுத்து வந்த அட்வான்ஸ்ட் டிஎன்டியின் மூன்று கெட்டி அட்டை நூல்கள்தான்: மான்ஸ்டர் மேனுவல் 1977, பிளேயர்ஸ் ஹேண்ட்புக் 1978, டஞ்சன் மாஸ்டர்ஸ் கைடு 1979. பள்ளிப் பாடநூல் போல அடிபடுவதற்கென்றே கட்டியவை. சேகரிப்பவர்கள் ஹேண்ட்புக்கில் டேவிட் டிராம்பியர் வரைந்த பெரிய சிலைப் பட அட்டையைத்தான் துரத்துவார்கள். 1983-இல் ஜெஃப் ஈஸ்லியின் படங்களோடு அட்டை மாறியது. முதுகு ஆரஞ்சு நிறத்தில் இருக்கும், தூரத்திலேயே தெரிந்துவிடும். ஆட்ட விதி அதேதான், விலை பெரும்பாலும் குறைவு. அட்டைப் படத்துக்காகவே வாங்குகிறவர் தவிர மற்றவர்கள் ஆரஞ்சு முதுகையே எடுங்கள்.

எல்லா ஆரஞ்சு முதுகும் ஒரே தரம் என்று எண்ணிவிட வேண்டாம். 1985-இல் வந்த அனர்த்ட் அர்க்கானா பைண்டிங்குக்குக் கெட்ட பெயர் எடுத்த நூல். பக்கம் கொத்தாகக் கையில் வந்துவிடும். ‘முதுகு முறியாத பிரதி’ என்று யாராவது விற்றால், அதை இன்னும் யாரும் விரித்துப் படிக்கவில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம்.

1980-இன் டீட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ் வாங்குகிறவர் முதலில் பக்க எண்ணைக் கேட்க வேண்டும். 144 பக்கம் என்றால் கதுல்ஹு, மெல்னிபோனே என்ற இரண்டு தொன்மப் பகுதிகளும் உள்ளே இருக்கும். பிந்தைய அச்சுகளில் அவற்றை எடுத்துவிட்டார்கள், 128 பக்கம்தான். விலை வித்தியாசமே இந்த 16 பக்கத்தில்தான்.

பெட்டியில் வந்த மெல்லிய நூல்களுக்குச் சிக்கல் வேறு. 1981-இன் பேசிக், எக்ஸ்பர்ட் இரண்டும் 64 பக்கம், நடுவில் கம்பி அடித்தவை. ஓரத்தில் மூன்று துளை இருக்கும். அது அச்சிலேயே போட்டது, சேதம் என்று நினைத்து விலை பேச வேண்டாம். பயப்பட வேண்டியது கம்பிக்கு. மலைக்கு வந்த முதல் மழைக்காலத்திலேயே துரு ஏறத் தொடங்கும். முதலில் நடுப்பக்க மடிப்பில் கம்பியைச் சுற்றி டீக்கறை நிறத்தில் ஒரு வளையம் தெரியும். அடுத்த வருடம் அந்த வளையம் பின்பக்கத்துக்கும் ஊடுருவும். அதற்கடுத்து, தாள் அந்த இடத்தில் மட்டும் அப்பளம் போல நொறுங்கி, நடுத் தாள் தனியே கழன்று விழும். கம்பி கறுத்திருந்தாலே மெல்லிய தகடு ஒன்றால் நிமிர்த்தி உருவிவிட்டு, அதே துளைகள் வழியாக லினன் நூலைக் கோத்து முடிச்சுப் போடுங்கள். ‘அசல் கம்பி போய்விட்டதே’ என்று வருத்தப்படுகிற தூய்மைவாதி தூத்துக்குடியில் இருந்தால்கூட அந்தக் கம்பியைக் காப்பாற்ற முடியாது. கடற்காற்று இதைவிட மோசம்.

விற்பவரிடம் கேட்க வேண்டிய படங்கள்: முதுகின் மேல் நுனி, கீழ் நுனி, உள் அட்டையின் மூலை, பதிப்புரிமைப் பக்கம், ஒரு கட்டின் (ஒன்றுக்குள் ஒன்றாக மடித்துத் தைத்த தாள்களின்) நடுவே விரித்த படம். கடைசியதில் மடிப்புக்குள் நூல் தெரிய வேண்டும். வாசனை பற்றியும் எழுதிக் கேளுங்கள். நிலவறை வாடை அடிக்கும் புத்தகத்தில் பூசண வித்து தூங்கிக்கொண்டிருக்கும். காய்ந்த ஊரில் அது தூங்கியே கிடக்கும், கோத்தகிரிக்கு வந்தால் விழித்துக்கொள்ளும்.

பார்சல் வந்ததும் மற்ற புத்தகங்களோடு சேர்க்காதீர்கள். பாலித்தீன் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி, இறுக மூடி, ஃப்ரீசரின் உறைகுளிரில் ஒரு வாரம் வையுங்கள். இராமபாணப் பூச்சியும் அதன் முட்டையும் சாகும். வெளியே எடுத்த பிறகு ஒரு நாள் முழுக்கப் பையைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் குளிர்ந்த அட்டைமேல் காற்றின் ஈரம் முத்து முத்தாக இறங்கிவிடும். இந்த வைத்தியம் பூச்சிக்கு மட்டும்தான், பூசணம் குளிரில் சாகாது.

சுங்கத்தைப் பற்றிச் சுருக்கமாக: அச்சுப் புத்தகத்துக்கு 2019 பட்ஜெட்டில் 5 சதவீத இறக்குமதி வரி வந்தது. பகடையும் பொம்மையும் உள்ள பெட்டியைப் புத்தகமாகப் பார்க்காமல் விளையாட்டுப் பொருளாகப் பார்த்தால் வரி கூடும். புத்தகம் மட்டும் என்றால் விவரச் சீட்டில் ‘அச்சுப் புத்தகம்’ என்றே எழுதச் சொல்லுங்கள். தபாலில் வந்தால் வரியைப் பட்டுவாடாவின்போது கட்டலாம். கூரியரில் வந்தால் ஆதார் அல்லது பான் கேட்பார்கள், அவர்களுடைய கையாளும் கட்டணமும் தனியே சேரும். அட்டைப்பெட்டிக்கு உள்ளே பாலித்தீன் உறை கட்டாயம். மழையில் மண் சரிந்து மலைப்பாதை மூடினால் பார்சல் மேட்டுப்பாளையத்தில் எத்தனை நாள் எந்தத் தரையில் கிடக்குமோ தெரியாது. கோவையில் சொந்தக்காரர் வீடு இருந்தால் அந்த முகவரியே மேல்.

பதிப்பக மறுபதிப்பு

டிஎன்டியை முதலில் வெளியிட்ட டிஎஸ்ஆர் நிறுவனத்தை 1997-இல் வாங்கிய விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் 2012-இல் அட்வான்ஸ்ட் டிஎன்டியின் முதல் மூன்று நூல்களைப் புது அட்டையோடு போட்டது. விற்பனையில் ஒரு பங்கு கைகாக்ஸ் நினைவு நிதிக்குப் போனது. 2013-இல் 1974-இன் சிறு புத்தகங்களும் அவற்றின் பிற்சேர்க்கைகளுமாக ஏழு நூல்கள், பகடையோடு மரப்பெட்டியில் வந்தன. அன்றைய விலை 149.99 டாலர். நூல்களின் மேலட்டைப் படம் புதிது, உள்ளே பழையபடி. இரண்டுமே இப்போது கடையில் இல்லை. இரண்டாம் கையில்தான் கிடைக்கும் என்பதால் விலை விற்பவர் மனசைப் பொறுத்தது.

மூலப் பிரதியைவிட இவற்றின் லாபம் வயதுதான். தாள் பழுப்பேறியிருக்காது, யாரோ ஒருவரின் அமெரிக்க நிலவறையில் முப்பது வருடம் கிடந்திருக்காது. மரப்பெட்டியை மட்டும் நம்ப வேண்டாம். மழையில் மரம் உப்பி மூடி இறுகும், உள்ளே சிறைப்பட்ட ஈரம் வெளியேறாது. பெட்டியைக் காட்சிக்கு வையுங்கள், நூல்களை வேறு இடத்தில் வையுங்கள்.

மற்ற ஆட்டங்களில் இந்த வழி இன்னும் நன்றாக இருக்கிறது. கேயாசியம் பதிப்பகம் தன்னுடைய கால் ஆஃப் கதுல்ஹுவின் 1983 பதிப்பைப் பழைய பெட்டி வடிவிலேயே திரும்பக் கொண்டுவந்தது. ரூன்குவெஸ்டின் இரண்டாம் பதிப்பையும் அப்படியே மறுபடி அச்சிட்டது. 1987-இல் வெஸ்ட் எண்ட் கேம்ஸ் போட்ட ஸ்டார் வார்ஸ் ஆட்டத்தின் விதிநூலையும் தகவல்நூலையும் ஃபேன்டசி ஃப்ளைட் 30-ஆம் ஆண்டுப் பதிப்பாக, ஒரே உறைப்பெட்டியில் இரண்டு கெட்டி அட்டை நூல்களாக வெளியிட்டது. இந்த ஆட்டங்களுக்கு மூலப் பிரதி தேடி அலைவது வீண் வேலை.

பிரிண்ட் ஆன் டிமாண்ட்

டிரைவ்த்ரூஆர்பிஜி தளத்தில் பழைய டிஎன்டி நூல்கள் பலவும் இந்த முறையில் கிடைக்கின்றன, எல்லாத் தலைப்பும் இல்லை. மூன்று குறைகளைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். ஸ்கேன் செய்த பக்கம் என்பதால் சிற்றெழுத்து அட்டவணைகள் சற்றே கசங்கித் தெரியும். பழைய சாகசநூல்களில் தனியே கழற்றி மேசையில் நிறுத்தும்படி இருந்த அட்டையும் அதன் உட்புற வரைபடமும் இதில் சாதாரணப் பக்கமாகிவிடும். மூன்றாவதுதான் நமக்குப் பெரிது: கெட்டி அட்டை போட்டிருந்தாலும் உள்ளே பசைதான். குளிரில் சூட்டுப்பசை விறைத்துப்போகும். ஜனவரியில் உறைபனி விழுந்த காலையில் 300 பக்க நூலை மேசைமேல் அழுத்தி விரித்தால் ‘சடக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அதற்குமேல் அந்த இடத்தில்தான் எப்போதும் திறக்கும், ஒரு நாள் இரண்டாகும். புதுப் புத்தகம் வந்ததும் அறைச் சூட்டில் ஒரு நாள் விட்டு, முன்னிருந்து பத்துத் தாள், பின்னிருந்து பத்துத் தாள் என்று மாறி மாறி மெல்ல நீவிக்கொண்டே நடுப்பக்கம் வரை வந்தால் ஆயுள் கூடும்.

விளையாடக் கையில் ஒரு பிரதி வேண்டும், உடனே வேண்டும் என்பவருக்கு இது போதும். இதைச் ‘சேகரிப்புப் பதிப்பு’ என்று சொல்வது சற்று அதிகம்.

பிடிஎஃப் வாங்கி ஊரில் தைப்பது

ஸ்நூக்கர் விதிகளை எழுதி ஊட்டி கிளப்பில் சுவரில் மாட்டினார்கள் என்பார்கள். அதற்கு ஒரு தாள் போதும். டிஎன்டியின் ரூல்ஸ் சைக்ளோபீடியா 304 பக்கம், அதைச் சுவரில் மாட்ட முடியாது. 1991-இல் வந்த இந்த ஒற்றை நூல்தான் உள்ளூர் பைண்டிங்குக்கு நல்ல உதாரணம், அதையே கணக்கிடுவோம்.

சட்டம் முதலில். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டுக்கு இடம் தருகிறது. காசு கொடுத்து வாங்கிய கோப்பிலிருந்து உங்களுக்கென ஒரு பிரதி, அவ்வளவுதான். நண்பர்களுக்கு ஐந்து பிரதி போட்டுக் காசு பிரித்தால் அது வேறு கதை. வாங்கிய தளத்தின் நிபந்தனையையும் ஒரு தடவை படித்துவிடுங்கள். கோப்பின் அடியில் உங்கள் பெயரும் ஆர்டர் எண்ணும் இருப்பது அச்சுக்கடையில் வாங்கியதற்குச் சாட்சியாக உதவும்.

அளவு அடுத்தது. அமெரிக்க லெட்டர் தாள் 216 × 279 மில்லிமீட்டர், நம் ஏ4 210 × 297. கடையில் ‘ஃபிட்’ போட்டால் 97 சதவீதமாகச் சுருங்கும், எழுத்து அளவில் வித்தியாசம் தெரியாது. மேலும் கீழும் வெள்ளை கூடும். அதை வெட்டிவிட்டால் பழைய வடிவம் கிடைத்துவிடும்.

தைப்பதற்கு ஏ3 தாளை நடுவில் மடிக்க வேண்டும். ஒரு ஏ3 என்றால் நாலு பக்கம், நாலு தாளை ஒன்றுக்குள் ஒன்று செருகினால் 16 பக்கக் கட்டு. 304-ஐ 16-ஆல் வகுத்தால் 19 கட்டு, 76 ஏ3 தாள். மிச்சமே இல்லாமல் வகுபடுகிறது. 80 ஜிஎஸ்எம் தாளில் உட்பக்கம் மட்டும் முக்கால் கிலோ வரும். 100 ஜிஎஸ்எம் கேட்காதீர்கள், கட்டு தடித்து மடிப்பில் தாள் ஏணிப்படி போல நிற்கும்.

இங்கேதான் பெரும்பாலான பைண்டிங் கெடுகிறது. தாளுக்கு கிரெயின் உண்டு, இழை ஓடும் திசை. மடிப்பு அந்தத் திசையோடு போக வேண்டும். கடையில் கிடைக்கும் ஏ3 பெரும்பாலும் நீளவாக்கில் இழை ஓடுவது. அதை நடுவில் மடித்தால் இழையை முறித்து மடிக்கிறோம். வெயில் காலத்தில் ஒன்றும் தெரியாது. ஈரம் ஏறியதும் தாள் இழைக்குக் குறுக்கேதான் அகலும். முதுகில் பசை பிடித்திருப்பதால் அகல வழியில்லாமல், உள் ஓரம் முழுக்க அலை அலையாகச் சுருங்கிவிடும். நெய்விளக்குத் திரிபோல ஒரு துண்டைக் கிழித்துப் பாருங்கள்: நேராகக் கிழிகிற பக்கம்தான் இழை. பைண்டரிடம் ‘அண்ணே, கிரெயின் முதுகோடு வரணும்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் நல்ல கைக்காரர் புரிந்துகொள்வார். பெரிய ஷீட்டிலிருந்து திசை பார்த்து வெட்டித் தருவார்.

சிறு அளவு நூல்களுக்கு இது எளிது. 1974-இன் டிஎன்டி, 1977-இன் டிராவலர் எல்லாம் லெட்டரில் பாதி அளவு, நம் ஏ5-க்குப் பக்கத்தில். நீள இழை ஏ3-ஐ நடுவில் வெட்டி இரண்டு ஏ4 ஆக்குங்கள். இப்போது இழை 210 மில்லிமீட்டர் பக்கத்தோடு ஓடுகிறது. அதை ஏ5-ஆக மடித்தால் மடிப்பும் இழையும் ஒரே திசை. கடையில் ஏ4 கட்டு வாங்கி மடித்தால் இது நேராது.

அச்சு லேசரில்தான். இங்க்ஜெட் மை ஈரத்தில் பரவும். ஸ்கேனில் தாளின் மஞ்சள் நிறம் பதிந்திருந்தால் அதை நீக்கிவிட்டே அனுப்புங்கள். இல்லையென்றால் டோனர் பக்கம் முழுக்கச் சாம்பல் பூசும். நாலு பக்கம் சோதனை எடுத்துப் பார்க்க வேண்டும்: நெருக்கமான அட்டவணை ஒன்று, கறுப்பு நிறைந்த படம் ஒன்று, வரைபடம் ஒன்று, சாதாரணப் பக்கம் ஒன்று. 3-ம் 8-ம் குழம்பினால் அந்தக் கோப்பு ஆட்டத்துக்கு உதவாது.

ஒட்டுவதற்கு மைதா பசை வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். அது இராமபாணத்துக்கு விருந்து. பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலப்பார்கள், அது தாளையே அரிக்கும். வெள்ளை ஃபெவிகால் போதும். மேலட்டைக்கு 2.5 மில்லிமீட்டர் போர்டு, காலிகோ துணி. கஞ்சி ஏற்றிய துணி பூசணத்தை இழுக்கும் என்பதால் மேலே பாலிபுரொப்பிலீன் உறை போடுங்கள். பிவிசி உறை வேண்டவே வேண்டாம், டோனர் அதில் ஒட்டிக்கொண்டு எழுத்தோடு உரிந்து வரும்.

ஜூலையில் பைண்டிங் கொடுக்காதீர்கள். போர்டு ஈரத்தோடு ஒட்டப்பட்டு, மாசியில் காயும்போது படகு போல வளையும்.

வைக்கும் இடம்

காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். சரிதான், ஆனால் எப்போது மூடுகிறோம் என்பதில் விஷயம் இருக்கிறது. 80 சதவீத ஈரத்தில் இருந்த எட்டுக் கிலோ புத்தகத்தை 50 சதவீத நிலைக்குக் கொண்டுவர, தாளிலிருந்து ஏறக்குறைய கால் கிலோ தண்ணீர் வெளியேற வேண்டும். 250 கிராம் சிலிக்கா ஜெல் தன் எடையில் கால் பங்கு, அதாவது 60 கிராம் அளவுக்குத்தான் குடிக்கும். மழையில் மூடிய பெட்டி ஈரத்தைப் பூட்டி வைத்த பெட்டி. தை பாதியிலிருந்து பங்குனிக்குள், காய்ந்த நாட்களில் புத்தகங்களை நிழலில் விரித்து நிறுத்தி, பிறகு மூடுங்கள். அப்போது அதே 250 கிராம் மழைக்காலம் முழுவதும் தாங்கும். வடகம் போல வெயிலில் காயப் போடக் கூடாது. ஆரஞ்சு முதுகு வெளுத்துவிடும்.

மழை வரும் காலமும் ஊருக்கு ஊர் வேறு. ஊட்டிக்கும் கூடலூருக்கும் தென்மேற்குப் பருவம்தான் எமன். குன்னூர், கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகை. புகைப்படக்காரர்கள் கேமராவுக்கு வைக்கும் டிரை கேபினெட் வாங்க முடிந்தால் 45 முதல் 50 சதவீதத்தில் நிறுத்துங்கள், வேறெதுவும் வேண்டாம். அறைக்கு டிஹியூமிடிஃபையர் (காற்றின் ஈரத்தை நீக்கும் கருவி) என்றால் கம்ப்ரஸர் வகை 15 டிகிரிக்குக் கீழே சோர்ந்துவிடும், ஈரமுறிஞ்சும் பொருளால் இயங்கும் டெசிகன்ட் வகையே மலைக்குச் சரி. வசம்புத் துண்டைத் துணியில் முடிந்து வைப்பதில் தவறில்லை, பக்கத்துக்கு நடுவே வைத்தால் கறை. நாப்தலின் உருண்டை பூசணத்தை ஒன்றும் செய்யாது.

வழவழப்பான ஆர்ட் தாளில் முழு வண்ணத்தில் வந்த 1990-களின் நூல்கள் நனைந்தால் பக்கம் பக்கமாக ஒட்டி ஒரே பலகையாகிவிடும், பிரிக்க வழியே இல்லை. அவற்றை மலையில் சேர்க்கவே வேண்டாம்.

இனி வாங்கும் பட்டியல். அட்வான்ஸ்ட் டிஎன்டி மூன்றும் ஆரஞ்சு முதுகு மூலப் பிரதியாக. கதுல்ஹு, ரூன்குவெஸ்ட், ஸ்டார் வார்ஸ் மறுபதிப்பாக. பேசிக், எக்ஸ்பர்ட் இரண்டையும் பிடிஎஃப் வாங்கி ஒரே நூலாகத் தையுங்கள்: 64-ம் 64-ம் 128 பக்கம், 8 கட்டு, 32 ஏ3 தாள். நடுவில் கம்பியே இல்லாத பேசிக் கிடைக்கும். சைக்ளோபீடியாவும் டிராவலரும் அதே வழியில். 1974-இன் நூல்களுக்குப் பணம் இருந்தால் 2013 மரப்பெட்டி, இல்லையென்றால் ஏ5 தையல். டீட்டீஸின் அந்த 16 பக்கத்துக்கு மட்டும் மூலப் பிரதியைத் தவிர வேறு வழியில்லை. வெளிநாட்டு ஆர்டரைக் கார்த்திகையில் போட்டு, அச்சுத்தாளைத் தை கடைசியில் பைண்டரிடம் கொடுத்தால், பங்குனி முடிவதற்குள் பெட்டியை மூடிவிடலாம்.